பிறந்த குழந்தை: முதல் 28 நாளில் பெற்றவர்கள் கேட்கும் கேள்விகள்

அரசு மருத்துவமனை ஒன்றின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் செவிலியராக வேலை பார்த்தேன். குழந்தையோடு வீட்டுக்குப் போகும் நாளில், துணிப்பையைக் கட்டி முடித்துவிட்டு, கதவருகே நின்று அம்மாக்கள் மெதுவாக ஆரம்பிப்பார்கள்: "சிஸ்டர், ஒண்ணு கேக்கணும்..." கேள்வி அநேகமாக முன்பே நூறு பேர் கேட்டதாகத்தான் இருக்கும். ஆனால் கேட்பவருக்கு அது முதல் குழந்தை. அந்தக் கேள்விகளையும் நான் சொல்லி வந்த பதில்களையும் இங்கே எழுதுகிறேன். பிறந்ததிலிருந்து 28 நாள் வரைதான் பச்சிளங்குழந்தை என்பது மருத்துவக் கணக்கு.

வீட்டில் இருப்பவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவது பெரும்பாலும் அழுகை, விக்கல், கக்கல், பொரிப்பொரியான தடிப்பு இவற்றைப் பார்த்துத்தான். இவற்றில் பல தானாகச் சரியாகிவிடும். எங்களுக்கு வயிற்றைக் கலக்குவது சத்தமே போடாமல் படுத்திருக்கும் குழந்தை. கீழே எழுதியிருப்பதைப் படிக்கும்போது இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதைப் பார்த்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்?

முதலாவது, பால் குடிப்பதை நிறுத்துவது. நேற்று வரை நன்றாகச் சப்பிய குழந்தை இன்று வாய் வைக்க மறுக்கிறது, அல்லது இரண்டு வாய் இழுத்துவிட்டுத் தூங்கிவிடுகிறது, எழுப்பினாலும் எழவில்லை என்றால் அது ஒன்றே போதும், கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் மற்றவை: மூச்சு வேகமாக இருப்பது, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, முனகல், உதடும் நாக்கும் நீலமாவது, வலிப்பு, உடம்பு சுடுவது, உடம்பு சில்லென்று ஆவது, தானாகக் கை கால் அசைக்காமல் துவண்டு கிடப்பது, பச்சை நிற வாந்தி, பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள். இவற்றில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். வழியில் குழந்தையை உங்கள் நெஞ்சோடு, தோலும் தோலும் படும்படி அணைத்து, மேலே துணி போர்த்திக் கொண்டு வாருங்கள். பல குழந்தைகள் எங்களிடம் வந்து சேரும்போது நோயோடு குளிரும் சேர்ந்திருக்கும்.

ஒரு ஐந்தாம் நாள் குழந்தையை மறக்க முடியவில்லை. தடுப்பூசி பற்றிக் கேட்க வந்த அம்மா பெருமையாகச் சொன்னார்: "சமத்தா தூங்குறான் சிஸ்டர், ராத்திரி முழுக்க எழுந்திருக்கவே இல்லை." துணியை விலக்கிப் பாதத்தைத் தொட்டேன், ஜில்லென்றிருந்தது. கன்னத்தைத் தடவினால் வாய் திரும்பவில்லை. ரத்தத்தில் கிருமி. அன்று அவர் வேறு வேலையாக வந்ததால் பிழைத்த குழந்தை அது. பத்து நாள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டு நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பினோம். முதல் இரண்டு வாரத்தில் ஒரு குழந்தை மூன்று மணி நேரத்துக்கு மேல் பால் கேட்காமல் தூங்கினால் எழுப்பிக் கொடுங்கள். எழுந்து குடித்தால் கவலை இல்லை.

காய்ச்சலை எப்படிப் பார்ப்பது? வீட்டில் சொட்டு மருந்து கொடுக்கலாமா?

டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்து, கையை உடம்போடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை சரியான சூடு. 38 டிகிரி, அதாவது ஃபாரன்ஹீட்டில் 100.4 வந்தால், மூன்று மாதத்துக்குள் இருக்கும் எந்தக் குழந்தையையும் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் மூன்று துணி சுற்றி, குல்லா போட்டு, ஃபேனையும் நிறுத்தி வைத்திருந்தால் நல்ல குழந்தைக்கும் சூடு ஏறும். துணியைக் குறைத்து, பால் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். குறையவில்லை என்றால் கிளம்புங்கள். காய்ச்சல் சொட்டு மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள். சூடு இறங்கிவிடும், உள்ளே இருக்கும் கிருமி அப்படியே இருக்கும், நீங்களும் நிம்மதியாக ஒரு நாளை விட்டுவிடுவீர்கள்.

தெர்மாமீட்டர் இல்லையென்றால் புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. பாதம் மட்டும் குளிர்ந்தால் நெஞ்சோடு அணைத்துக் கொள்ளுங்கள். வயிறும் குளிர்ந்திருந்தால் ஆபத்து.

என் குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்கிறார்கள். எனக்கோ வீட்டில் யாருக்குமோ காமாலை இல்லையே?

இது தொற்றும் காமாலை இல்லை. பெரியவர்களுக்கு வரும் காமாலையோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டு, பாலூட்டும் அம்மாவுக்கு எண்ணெய், உப்பு, புளி எல்லாவற்றையும் நிறுத்திப் பத்தியம் போடும் வீடுகள் உண்டு. அதனால் அம்மாவுக்குத்தான் தெம்பு போகும்.

நடப்பது இதுதான். வயிற்றுக்குள் இருந்தபோது குழந்தைக்குத் தேவைப்பட்ட சிவப்பணுக்கள் அதிகம். பிறந்ததும் அவை வேகமாக உடைகின்றன. உடையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் வருகிறது. அதை வெளியேற்ற வேண்டிய கல்லீரல் இன்னும் பழகவில்லை. அதனால் நிறை மாதக் குழந்தைகளில் பாதிக்கு மேல், குறை மாதக் குழந்தைகளில் அதைவிட அதிகமாக, முதல் வாரத்தில் மஞ்சள் தெரியும். இரண்டாம் மூன்றாம் நாளில் ஆரம்பித்து, ஐந்தாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்துக்குள் வடிந்துவிடும்.

பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள் தெரியும் மஞ்சள் இந்தக் கணக்கில் வராது. அது எப்போதுமே பரிசோதிக்க வேண்டியது. அம்மாவுக்கு நெகட்டிவ் ரத்த வகை, குழந்தைக்கு பாசிட்டிவ் என்றால் அணுக்கள் மிக வேகமாக உடையலாம். அம்மா ஓ வகை, குழந்தை ஏ அல்லது பி என்றாலும் சில சமயம் நடக்கும். நெகட்டிவ் அம்மாக்கள் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஆன்டி டி ஊசி போட்டாயிற்றா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது அடுத்த குழந்தையைக் காப்பாற்றும் ஊசி.

மஞ்சள் கூடுகிறதா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது?

ஜன்னலுக்குப் பக்கத்தில், பகல் வெளிச்சத்தில். ட்யூப் லைட்டில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கட்டை விரலால் நெற்றியை இரண்டு விநாடி அழுத்தி எடுங்கள். ரத்தம் விலகிய இடம் வெளுப்பாகத் தெரிய வேண்டும், மஞ்சளாகத் தெரிந்தால் காமாலை. அப்படியே நெஞ்சு, வயிறு, தொடை, பாதம் என்று இறங்குங்கள். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். முகத்தோடு நின்றால் பெரும்பாலும் லேசானது. கருத்த நிறக் குழந்தைக்குத் தோலில் சரியாகத் தெரியாது, ஈறையும் கண் வெள்ளையையும் பாருங்கள். கண்ணால் பார்ப்பது ஒரு யூகம்தான். கால் பாகத்தில் மஞ்சள் தெரிந்தாலோ, குழந்தை மந்தமாகப் பால் குடித்தாலோ ரத்தத்தில் அளந்தே ஆக வேண்டும். மிக அதிகமான பிலிரூபின் மூளைக்குள் போய்ப் படிந்துவிட்டால் காது கேட்காமை, கை கால் கட்டுப்பாடு இழப்பு என்று ஆயுளுக்கும் நிற்கும் பாதிப்பு வரும். அதற்குப் பிறகு எந்த வைத்தியத்தாலும் அதைத் திருப்ப முடியாது.

காலை வெயிலில் காட்டினால் போதாதா?

இந்த நம்பிக்கையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்த உண்மையைக் கண்டுபிடித்ததே ஒரு செவிலியர் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். 1950-களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் ஜே. வார்டு, நல்ல வெயில் நாட்களில் அவர்களை வெளியே கொண்டுபோய் வைப்பார். ஒரு நாள் ஒரு குழந்தையின் உடம்பில் துணி மூடியிருந்த இடம் மட்டும் நல்ல மஞ்சளாகவும் வெயில் பட்ட இடம் வெளுத்தும் இருப்பதைக் கவனித்து டாக்டர்களிடம் காட்டினார். அதைத் தொடர்ந்து செய்த ஆராய்ச்சியை 1958-ல் டாக்டர் கிரெமரும் கூட்டாளிகளும் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்க இருக்கும் நீல விளக்குச் சிகிச்சை அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் வெயிலில் எவ்வளவு நேரம் எவ்வளவு ஒளி கிடைக்கிறது என்று அளக்க முடியாது. துணி இல்லாமல் வைத்தால் குழந்தை குளிர்ந்துபோகும், நம் ஊர் வெயிலில் தோல் கருகும், நீர் வற்றும். துணியோடு காட்டினால் பலனே இல்லை. லேசான மஞ்சளுக்கு வெயிலே தேவையில்லை, கூடுதலான மஞ்சளுக்கு வெயில் போதாது. ஐந்து நாள் மொட்டை மாடியில் காட்டிவிட்டு ஆறாம் நாள் வந்து ரத்தம் மாற்றும் நிலைக்குப் போன குழந்தைகளைப் பார்த்ததால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

லைட்டில் வைத்தால் குழந்தைக்குக் கெடுதலா?

இல்லை. கண்ணை மூடிக் கட்டி, இடுப்புத் துணி மட்டும் போட்டு, நீல ஒளிக்குக் கீழே படுக்க வைப்போம். அந்த ஒளி பிலிரூபினை மலத்திலும் சிறுநீரிலும் கரைந்து போகும் வடிவத்துக்கு மாற்றிவிடும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்துத் தாய்ப்பால் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். பால் போகப் போக மலம் போகும், மலத்தோடு மஞ்சளும் போகும். இந்த நாட்களில் மலம் பச்சையாகத் தண்ணியாகப் போவது ஒளியால் வருவது, பயப்பட வேண்டாம். கட்டின கண்ணோடு குழந்தையைப் பார்த்ததும் அம்மாக்கள் உடைந்துபோவார்கள். பெட்டிக்குள் கையை விட்டுக் குழந்தையின் விரலைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். அநேகமாக அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ கட்டைக் கழற்றிவிடலாம்.

இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லை. தாய்ப்பாலால்தான் என்கிறார்களே?

இருக்கலாம். நன்றாக எடை கூடும் தாய்ப்பால் குழந்தைகள் சிலருக்கு லேசான மஞ்சள் இரண்டு மாதம் வரைகூட இருக்கும். அதற்காகப் பாலை நிறுத்த வேண்டாம். ஆனால் அப்படி முடிவு கட்டுவதற்கு முன் மலத்தின் நிறத்தைப் பாருங்கள். தாய்ப்பால் குழந்தையின் மலம் கடுகு மஞ்சளில் இருக்கும். சுண்ணாம்பு போலவோ வெளிறிய களிமண் போலவோ போனால், சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விட்டால், பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். அதற்குச் செய்யும் காசாய் அறுவை சிகிச்சை பிறந்து 60 நாளுக்குள் நடந்தால் நல்ல பலன் தரும். நாள் போகப் போகக் கல்லீரல் கெட்டுக்கொண்டே வரும். இந்தக் குழந்தைகள் பார்க்க நன்றாகத்தான் இருப்பார்கள், சிரிப்பார்கள், பால் குடிப்பார்கள். அதனாலேயே தாமதமாகிவிடுகிறது. மலத்துணியைத் துவைப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்து காட்டுங்கள்.

பழைய துணியில்தான் குழந்தையைச் சுற்ற வேண்டும் என்கிறார் பாட்டி. சரியா?

நல்ல வழக்கம்தான். பலமுறை துவைத்த பருத்தி வேட்டியைப் போல் மெத்தென்ற துணி கடையில் கிடைக்காது. ஒரே ஒரு ஆபத்து உண்டு. ஒரு பாட்டி ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்த தாத்தாவின் வேட்டியைப் பிரித்ததும் வார்டு முழுக்க பாச்சை உருண்டை நாற்றம் அடித்தது. டிரங்குப் பெட்டியில் வருஷக்கணக்காக நாப்தலின் உருண்டையோடு கிடந்த துணி. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு, பெரும்பாலும் ஆண் குழந்தைகள். நாப்தலின் வாடை உடம்பில் ஏறினால் அவர்களுக்குச் சிவப்பணுக்கள் சடசடவென்று உடைந்து கடுமையான காமாலை வந்துவிடும். யாருக்கு அந்தக் குறை என்று முகத்தைப் பார்த்துத் தெரியாது. எனவே உருண்டை போட்ட பெட்டித் துணியே குழந்தைக்கு வேண்டாம். அன்றாடம் கட்டித் துவைத்த துணியை நல்ல வெயிலில் காயவைத்துக் கொண்டு வாருங்கள்.

எனக்குப் பால் போதவில்லையோ? பிறந்தபோது இருந்ததைவிட எடை குறைந்துவிட்டது.

எல்லாக் குழந்தைக்கும் முதல் சில நாளில் எடை குறையும். 3 கிலோ குழந்தை 2 கிலோ 800 கிராம் ஆவது இயல்பு. பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால்தான் பார்க்க வேண்டும். பத்துப் பதினான்கு நாளில் பிறந்த எடைக்குத் திரும்பி, அப்புறம் ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் கூடும்.

பால் போதுகிறதா என்பதை மார்பைப் பிழிந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, துணியை எண்ணித் தெரிந்துகொள்ளலாம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது. முதல் நாட்களில் துணியில் செங்கல் பொடி போல் ஆரஞ்சுக் கறை தெரிந்தால் அது ரத்தமில்லை, சிறுநீரில் வரும் உப்பு. ஐந்தாம் நாளுக்கு மேலும் தெரிந்தால் பால் போதவில்லை என்று அர்த்தம், வந்து காட்டுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் சுரக்கும் சீம்பாலை "கெட்டியா இருக்கு, மஞ்சளா இருக்கு" என்று பீய்ச்சிக் கொட்டிவிடாதீர்கள். அளவு கொஞ்சம்தான், குழந்தையின் வயிறும் அவ்வளவுதான். சர்க்கரைத் தண்ணீர், சேனை, கழுதைப்பால் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை நாக்கில் தொட்டுவைக்கக்கூட வேண்டாம், அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி விதை குழந்தையின் குடலில் முளைத்து உடம்பையே செயலிழக்கச் செய்யும்.

பால் குடித்ததும் கக்குகிறது. மலம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போகிறது. வயிறு கெட்டுவிட்டதா?

கக்குவது, தோளில் போட்டுத் தட்டும்போது கொஞ்சம் தயிர் போல வருவது, எல்லாம் இயல்பு. எடை கூடுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒவ்வொரு தடவை பால் குடித்ததும் மஞ்சளாகக் கொஞ்சம் போவதும் பேதி இல்லை.

பச்சை வாந்தி வேறு விஷயம். இலையைக் கசக்கியது போன்ற பச்சையில் வாந்தி வந்தால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்தில் குடல் அழுகிவிடும். விடியட்டும் என்று இருக்காதீர்கள். அதேபோல் காட்டுப்பீ, அதாவது தார் போன்ற முதல் கருப்பு மலம், பிறந்த 24 மணி நேரத்துக்குள் போக வேண்டும். போகவில்லை என்றால் வார்டிலேயே சொல்லிவிடுங்கள். குடலிலோ மலத்துவாரத்திலோ பிறவிக் குறை இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

சாயங்காலமானால் வீறிட்டு அழுகிறான். உரம் விழுந்திருக்கிறது, உரம் எடுக்க வேண்டும் என்கிறார் மாமியார்.

மாமியாரின் கவலை நிஜமானது. அழுகிற குழந்தையைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. ஆனால் துணியில் போட்டு உருட்டுவதும் தலைகீழாகத் தூக்குவதும் வேண்டவே வேண்டாம். பிறந்த குழந்தையின் கழுத்துக்குத் தலையைத் தாங்கும் பலம் கிடையாது. குலுங்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும். தொக்கம் எடுக்கிறேன் என்று வயிற்றை அழுத்துவது, வாய்க்குள் ஊதுவது, எங்கேயாவது சூடு போடுவது, இவற்றையும் அனுமதிக்காதீர்கள். உரைமருந்து என்று வசம்பும் ஜாதிக்காயும் உரைத்து ஊட்டுவதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். கல்லும் தண்ணீரும் சுத்தமில்லை, அளவும் தெரியாது. அதிகமாகப் போய் மயங்கிய நிலையில் வந்த குழந்தையைப் பார்த்திருக்கிறேன். மருந்து வேலை செய்து தூங்குகிறான் என்றே வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கிரைப் வாட்டரும் தேவையில்லை.

இரண்டு மூன்று வாரத்தில் ஆரம்பிக்கும் இந்த மாலை நேர அழுகை ஆறாம் வாரத்தில் உச்சத்துக்குப் போய் மூன்று நான்கு மாதத்தில் தானாக நின்றுவிடும். ஏப்பம் வரவையுங்கள், இடுப்புத் துணியை மாற்றுங்கள், தோளில் போட்டு நடங்கள், தாலாட்டுப் பாடுங்கள். மாமியாரிடமே குழந்தையைக் கொடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் கை சூடும் குரலும் எந்த உரைமருந்தையும்விட நன்றாக வேலை செய்யும். வழக்கமான அழுகை மாறி, கீச்சென்ற குரலில் நிற்காமல் அழுதாலோ, அழுகையோடு பாலும் குடிக்கவில்லை என்றாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

தொப்புளில் என்ன போடுவது?

ஒன்றும் போட வேண்டாம். மஞ்சள், சாம்பல், விளக்கெண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். காற்றாட விட்டால் காய்ந்து ஒன்றிரண்டு வாரத்தில் விழுந்துவிடும். இடுப்புத் துணியைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள், சிறுநீர் படாது. விழும் நாளில் இரண்டு சொட்டு ரத்தம் தெரிந்தால் பரவாயில்லை. சுற்றியுள்ள தோல் சிவந்து தடித்தாலோ, சீழ் வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ அன்றே வாருங்கள். தொப்புள் வழியாகக் கிருமி நேரே ரத்தத்துக்குப் போக முடியும்.

அழும்போது தொப்புள் உப்புகிறது என்று காசு வைத்துக் கட்டுவார்கள். அதனால் புண்தான் வரும். பெரும்பாலான தொப்புள் வீக்கம் வளர வளரத் தானே மூடிக்கொள்ளும். தொடை இடுக்கில் வீக்கம் தெரிந்தால் மட்டும் தள்ளிப்போடக் கூடாது, அந்தக் குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை தேவை.

உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. செவ்வாப்பா, கரப்பானா?

இரண்டாம் மூன்றாம் நாளில் கொசு கடித்தது போல் சிவந்து, நடுவில் வெள்ளைப் புள்ளியோடு வந்து, இங்கே மறைந்து அங்கே தோன்றும் தடிப்பு நிறை மாதக் குழந்தைகளில் சுமார் பாதிப் பேருக்கு வரும். ஒரு வாரத்தில் போய்விடும். மூக்கில் வெள்ளைப் புள்ளி, தோல் உரிதல், வேர்க்குரு, முதுகிலும் புட்டத்திலும் நீலம் பாரித்த மச்சம், இவற்றுக்கும் மருந்தில்லை, தேவையுமில்லை. சீழ்க் கொப்புளம் மட்டும் வேறு. பத்துக்கு மேல் இருந்தாலோ ஒன்றே பெரிய கட்டியாக இருந்தாலோ ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும்.

குழந்தையின் மார்பு வீங்கியிருக்கிறது, பால் கட்டியிருக்கிறது என்று பிழிகிறார்கள்.

தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அம்மாவின் ஹார்மோன் குழந்தையின் ரத்தத்தில் இருப்பதால் ஆண், பெண் இரண்டு குழந்தைக்கும் மார்பு வீங்கும், சில சொட்டுப் பால்கூட வரும். தொடாமல் விட்டால் சில வாரத்தில் வற்றிவிடும். பிழிந்தால் சீழ் பிடிக்கும். கீறிச் சீழ் எடுத்த குழந்தைகளுக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன். பெண் குழந்தைக்கு அந்தச் சுரப்பி கெட்டுப்போனால் பிற்காலத்தில் அந்த மார்பு வளராமல் போகலாம். பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் பிறப்புறுப்பில் கொஞ்சம் ரத்தக் கசிவு தெரிவதும் இதே ஹார்மோனால்தான், இரண்டு மூன்று நாளில் நிற்கும்.

கண்ணில் பீளை வந்துகொண்டே இருக்கிறது.

ஒரு கண்ணில் நீர் கோத்துக் கொஞ்சம் பீளை என்றால் கண்ணீர்க் குழாய் இன்னும் திறக்கவில்லை. கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் உள்ளிருந்து வெளியே துடைத்து, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை நகம் படாமல் விரல் நுனியால் கீழ்நோக்கி நீவிவிடுங்கள். ஒரு வயதுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். இமை வீங்கிச் சீழாகக் கொட்டினால் பார்வைக்கே ஆபத்து, அன்றே காட்டுங்கள். கண்ணுக்குள் மை தீட்ட வேண்டாம். தாய்ப்பால் பீய்ச்சுவதும் வேண்டாம்.

மூச்சு கர்கர் என்கிறது, தும்முகிறான். சளி பிடித்துவிட்டதா?

குழந்தையின் மூக்குத் துவாரம் மிகச் சிறியது. கொஞ்சம் கோழை இருந்தாலே சத்தம் வரும். தும்மலும் விக்கலும் நோய் இல்லை. பால் குடிக்க முடியாத அளவு அடைத்தால் டாக்டரிடம் கேட்டு உப்பு நீர்ச் சொட்டு விடலாம். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது, தொண்டையில் விரல் விட்டுக் கோழை எடுப்பது, அப்புறம் சாம்பிராணிப் புகை, எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும்.

சந்தேகமாக இருந்தால் தூங்கும்போது சட்டையை விலக்கி, செல்போனில் ஒரு நிமிஷம் வைத்து, வயிறு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று முழுதாக எண்ணுங்கள். 60-க்குள் இருக்க வேண்டும். சில விநாடி நின்று மறுபடி வேகமாக மூச்சு விடுவதும் இந்த வயதில் உண்டு. 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடி ஒரு தடவை எண்ணுங்கள், அப்போதும் அப்படியே இருந்தால் கிளம்புங்கள்.

எடை குறைவாகப் பிறந்த குழந்தை. வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தால் எடை குறைவு. இவர்களுக்கு முதல் எதிரி குளிர், அடுத்தது கிருமி. இரண்டுக்கும் சேர்ந்த மருந்து அம்மாவின் நெஞ்சு. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில், டாக்டர் எட்கர் ரே தொடங்கியதுதான் கங்காரு பராமரிப்பு. குழந்தைக்குக் குல்லா, காலுறை, இடுப்புத் துணி மட்டும் போட்டு, அம்மாவின் இரண்டு மார்புக்கும் நடுவே நிமிர்த்தி வைத்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, சேலையால் சேர்த்துக் கட்டுவது. ஒரு நாளைக்குக் குறைந்தது 8 மணி நேரம், முடிந்தால் நாள் முழுக்க என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. அம்மா குளிக்கப் போனால் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரலாம். முதலில் கூச்சப்பட்டு வெளியே நின்ற அப்பாக்கள் இரண்டாம் நாள் "எப்ப சிஸ்டர் என் டர்ன்?" என்று கேட்டு வந்து நிற்பார்கள்.

பிறந்ததும் தொடையில் ஊசி போட்டார்கள். கையில் போட்ட ஊசி ஒரு மாதம் கழித்துச் சீழ் வைத்திருக்கிறது. ஏன்?

தொடையில் போட்டது வைட்டமின் கே. அது குறைந்தால் குடலிலோ மூளையிலோ ரத்தம் கசியும். இடது கையில் போட்டது காசநோய்க்கான பிசிஜி. நான்கிலிருந்து ஆறு வாரத்தில் அந்த இடம் கொப்புளமாகி உடைந்து தழும்பாவதுதான் அதன் இயல்பு. மருந்து, மஞ்சள் எதுவும் வைக்க வேண்டாம்.

நன்றாக இருக்கும் குழந்தைக்கு இத்தனை பரிசோதனை எதற்கு?

சில குறைகள் வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். தைராய்டு சுரக்காமல் பிறக்கும் குழந்தை மற்ற குழந்தை போலவேதான் இருக்கும். மூன்றாம் நாள் வாக்கில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து, இரண்டு வாரத்துக்குள் தினம் மாத்திரை ஆரம்பித்தால் மூளை நன்றாக வளரும். காது கேட்கிறதா என்று ஒரு மாதத்துக்குள் கருவி வைத்துப் பார்த்துவிட வேண்டும். கை தட்டினால் திரும்புகிறான் என்பது பரிசோதனை ஆகாது.

34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். மிகவும் சிறிய குழந்தை என்றால் இன்னும் முன்னதாக, 20 நாள் வாக்கிலேயே. வளர்ந்து முடியாத விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து அதைப் பிய்த்துவிடும். நேரத்தில் லேசர் செய்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம், தவறினால் பார்வை போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் கண் பளிச்சென்று இருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத்தான் கொடுப்பேன். வீட்டுக்குப் போனதும் அதை நாள்காட்டியில் எழுதுங்கள். அன்று வீட்டில் விசேஷம் இருந்தாலும் குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் அந்தத் தேதியில் வந்துவிடுங்கள்.